மல்லாந்து மிதக்கும் பாடம்

கோயம்புத்தூர்க்காரர் தண்ணீரில் மல்லாந்து கிடந்தார். கண்கள் மூடியிருந்தன. கைகள் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தன. வயிறு மட்டும் மேலே தெரிந்தது. காலை வெயில் அவருடைய வழுக்கைத் தலையில் விழுந்து பளபளத்தது.

நான் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, மடியில் வெள்ளைப் பணியாரத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். அரிமளம் பக்கத்தில் ஒரு பெரிய பழைய வீட்டை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள். முன்பு மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது நீச்சல் குளம். அந்தக் குளத்தோரம், உயரமான நாற்காலியில், ஆரஞ்சு நிற பனியனும் கழுத்தில் விசிலுமாக வேலாயுதம் அண்ணன்.

அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகில் போய் மீன் பிடித்தவர். என்னுடைய பயிற்சி வகுப்பில் சேர்ந்து, நீச்சல் குளத்தில் ஆட்களைக் காப்பாற்றும் வேலை கற்றுக்கொண்டு, அன்றுதான் ஓட்டலில் வெள்ளோட்டம் தொடங்கியிருந்தார்.

அவர் கோயம்புத்தூர்க்காரரைப் பார்த்தார். எழுந்தார். நான் பணியாரத்தைச் சட்னியில் தோய்த்து நிமிர்வதற்குள் குதித்துவிட்டார்.

கடலில் முங்குகிறவரைத் தலைமுடியைப் பிடித்துத்தான் இழுப்பார்களாம். இவருக்கு முடி கிடையாது. அண்ணனுடைய கை அந்த மண்டையில் முன்னும் பின்னும் தேடியதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கடைசியில் தாடைக்குக் கீழே கையைக் கொடுத்து, இரண்டே வீச்சில் கரைக்குக் கொண்டுவந்து, தரையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டத் தொடங்கினார்.

"ஏனுங்க, நான் சும்மா படுத்துட்டு இருந்தனுங்க" என்றார் அவர், இருமலுக்கு நடுவில்.

"பேசாதீங்க சார். பேசுனா மூச்சு வாங்கும்" என்றார் அண்ணன்.

பக்கத்தில் ஓட்டல் முதலாளி வள்ளியப்பன் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்து நான் பயந்திருக்க வேண்டும். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பது பிறவியிலேயே எனக்கு வந்த கோளாறு. பணியாரம் புரையேறி, பிறகு என் முதுகிலும் யாரோ தட்ட வேண்டியதாயிற்று.

கண்ணாடி கொண்டுவராதவர்கள்

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். பேருந்து நிலையத்தில் பொழுது போகாமல் இந்த வாரம் மட்டும் வாங்கியவர்களுக்காகச் சொல்கிறேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் வெகுகாலம் தையல் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு வேறு வேலை பழக்கும் பயிற்சிகளை உருவாக்குகிறேன். "அந்த வயசுல என்னத்தப் படிக்கப் போறாங்க?" என்று கேட்காத சொந்தக்காரர் எனக்கு இல்லை. கேட்கிறவர்கள் எல்லோருக்கும் என் வயதுதான்.

சின்னப் பிள்ளைகளுக்கான பாடத்திட்டத்தை எடுத்து, எழுத்தைப் பெரிதாக அச்சடித்தால் பெரியவர்களுக்கான பாடத்திட்டம் ஆகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆகாது. முதலில் நாற்காலிக்குக் கை வேண்டும், எழும்போது ஊன்றிக்கொள்ள. பதினொரு மணிக்குத் தேநீர் வராவிட்டால் பாடம் ஓடாது. கழிப்பறை கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால்தான் மனது வகுப்பில் நிற்கும்.

இன்னொன்று உண்டு. என் வகுப்பில் படிக்கத் தெரியாதவர்கள் யாருமே கிடையாது. கண்ணாடி கொண்டுவராதவர்கள்தான் உண்டு. யாரிடம் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாலும் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடடா, கண்ணாடிய வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன்" என்பார்கள். நானும் சளைத்தவளா? எல்லா பவரிலும் கண்ணாடிகள் வாங்கி ஒரு டப்பாவில் போட்டு மேசைமேல் வைத்தேன். மறுநாள் வகுப்பில் பாதிப் பேருக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது.

அன்றோடு தாளைத் தூக்கிப் போட்டேன். எல்லாம் வாயால் சொல்லி, கையால் செய்து பார்க்கும் பாடம் என்று மாற்றினேன். கண் நோய் ஒரே நாளில் ஊரைவிட்டே போனது. அந்த டப்பா இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்தப் பக்கத்தை அதிலிருந்து எடுத்த ஒன்றை மாட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

படகு இறங்குவதற்குள்

வள்ளியப்பன் இந்தப் பக்கத்து வணிகக் குடும்பத்துப் பிள்ளை. சென்னையில் வளர்ந்தவர். முன்னோர் கட்டிய வீடு சும்மா பூட்டிக் கிடக்கிறதே என்று ஓட்டலாக்கி, பெரிய ஆசையோடு குளமும் வெட்டிவிட்டார். குளத்துக்குக் காவல் ஆள்தான் நிலைக்கவில்லை. ஒருவன் எந்நேரமும் போனிலேயே குனிந்திருந்தான். இன்னொருவன் மாதம் முடிவதற்குள் சிங்கப்பூர் போய்விட்டான்.

"நெலைச்சு இருக்கற ஆளா வேணும் டீச்சர். நல்லா நீந்தத் தெரியணும். போனை நோண்டக் கூடாது. அவ்வளவுதான்" என்றார்.

"எங்கிட்ட ஒரு கடற்கரையே இருக்கு தம்பி" என்றேன். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதவள் பேசிய பேச்சு அது.

மறுநாளே ஜெகதாப்பட்டினம் போனேன். மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஐஸ் பிளாண்டில்கூடச் சத்தமில்லை. கடலுக்குப் போக முழங்கால் ஒத்துழைக்காத, ஆனால் கரையில் சும்மாவும் இருக்க முடியாத ஆண்கள் சிலர் என் பேச்சைக் கேட்க வந்தார்கள். நீச்சல் குளம் என்றதும் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வேலாயுதம் அண்ணன் மட்டும் மாதச் சம்பளமா, சாப்பாடும் உண்டா, தங்க இடம் இருக்கா என்று முறையாக விசாரித்தார்.

கூட்டம் கலைந்த பிறகு அவர் மனைவி ராசாத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வேலாயுதத்தை நான் அண்ணன் என்று அழைத்துவிட்டதால் எனக்கு அவர் மதினி.

"டீச்சர், ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். தடை முடிஞ்சு போட்டெல்லாம் கடல்ல எறங்குற அன்னைக்கு இவரு கரையில இருக்கணும். சும்மா இருங்கன்னா இருக்க மாட்டாரு. ஒரு வேல இருந்தா இருப்பாரு. போட்டு ஓனரு இப்பவே போன் போட ஆரம்பிச்சுட்டாரு."

"முழங்கால் வலியோட போவாரா மதினி?"

"ரெண்டு வருசத்துக்கு முந்தி நடுக்கடல்ல நேவிக்காரங்க புடிச்சுட்டுப் போயி அக்கரை ஜெயில்ல வச்சிருந்தாங்க. வந்த மறு மாசமே போனாரு. முழங்காலு எம்மாத்திரம்."

கடலைப் பார்த்தபடி அவரே சொன்னார்:

"அவரு உள்ள இருந்தப்ப தெனமும் காலையில கடக்கரைக்கு வந்து நிப்பேன். ஜெயில்ல இருக்குற ஆளு கடல் வழியாவா வரப்போறாரு? வரமாட்டாருன்னு எனக்குந்தெரியும். இருந்தாலும் வந்து நிப்பேன்."

பேருந்தில் திரும்பும்போது, இந்த மனிதரை எப்படியாவது அந்த உயரமான நாற்காலியில் ஏற்றி உட்காரவைத்துவிட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடி தெரியும் தண்ணீர்

குளத்தை முதன்முதலில் பார்த்தபோது அண்ணன் ஓரத்தில் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு, "டீச்சர், அடி தெரியுதே" என்றார்.

"ஆமாண்ணே."

"இதுல விழுந்தவன எதுக்குக் காப்பாத்தணும்? எந்திரிச்சு நில்லுன்னா போதுமே."

திருச்சியிலிருந்து வந்த நீச்சல் கோச், ஆழமான பக்கத்தைக் காட்டி அவரைச் சமாதானம் செய்தார். ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டுத் துப்பிவிட்டு, "உப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று தலையை ஆட்டிக்கொண்டார் அண்ணன்.

மற்றபடி, அவரைப் பார்த்துப் பின்னால் வந்து சேர்ந்த நான்கைந்து பேரோடு பயிற்சி அமோகமாக நடந்தது. விசில் மட்டும் அவருக்குச் சரிப்படவில்லை. ஊதினால் காற்றுதான் வந்தது. அதற்குப் பதிலாக ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், படகுக்குப் படகு கூப்பிட்டுப் பழகிய குரல். அடுக்களையில் சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

முதலுதவி பழக ஒரு ரப்பர் பொம்மை கொண்டுவந்திருந்தோம். நெஞ்சை அமுக்கி, வாயில் ஊதிப் பழக வேண்டும். அண்ணன் அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "யாரு பெத்த புள்ளையோ" என்றார். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. ஆனால் அவர் நெஞ்சை அமுக்கிய அழகைப் பார்த்து கோச் மெதுவாகக் கைதட்டினார். எல்லாத் தேர்விலும் தேறினார். அந்தப் பூரிப்பில்தான் நான் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், இரண்டாவது பாராவில்.

யோசிக்கக் கூடாது

கோயம்புத்தூர்க்காரரோடு நின்றிருந்தால் தேவலை. அன்று மாலையே ஒரு கல்லூரிப் பெண் மல்லாந்து மிதந்தாள். அண்ணன் குதித்தார். அவள் போட்ட கூச்சலில் வீட்டு முகப்பில் இருந்த புறாக்கள் பறந்தன. அடுத்த நாள், காற்றடித்த பிளாஸ்டிக் முதலைமேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தாவை முதலையோடு சேர்த்துக் கரையேற்றினார்.

தாத்தாவுக்கு ஒரே சந்தோஷம். பேரப்பிள்ளைகள் இன்னொரு தடவை செய்யச் சொல்லிக் கைதட்டினார்கள். வள்ளியப்பன்தான் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"டீச்சர், வர்றவங்க நிம்மதியா மெதக்கத்தான் வர்றாங்க. இவரு யாரையும் மெதக்க விட மாட்டேங்கறாரு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல என்னால முடியாது."

ஞாயிறு கழித்து இரண்டு நாளில் தடைக்காலம் முடிகிறது. அண்ணனுடைய போனும் அடித்துக்கொண்டேயிருந்தது. வலையெல்லாம் ஏற்றியாகிவிட்டது, வருகிறாயா இல்லையா என்று படகு முதலாளி. அண்ணன் எடுத்து, "பாத்துச் சொல்றேன்" என்று வைப்பார். முகம் கொடுத்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலையில் அவரோடு குளத்தோரம் உட்கார்ந்தேன்.

"அண்ணே, அவங்க முங்கல. மெதக்குறாங்க. அது ஒரு சொகம்."

"தண்ணியில என்ன டீச்சர் சொகம்? தண்ணி வேல செய்யுற எடம்."

"மொகத்தப் பாத்தாத் தெரியாதா? நிம்மதியாத்தானே இருக்காங்க?"

"கடல்ல மல்லாந்து கெடக்குற ஆளப் பாத்தா மொகத்தப் பாக்கக் கூடாது, யோசிக்கவும் கூடாது. யோசிக்கிற நேரத்துல போயிருவான். எனக்குத் தெரியுது, இவங்க சும்மாதான் கெடக்குறாங்கன்னு. மூளைக்குத் தெரியுறதுக்கு முந்தி காலு குதிச்சுருது."

என் பாடத்திட்டம் முழுவதும் எப்படிக் குதிப்பது என்றுதான் இருந்தது. எப்போது குதிக்காமல் இருப்பது என்று ஒரு வரிகூட இல்லை. இளைஞனுக்கு அது தேவையே இல்லை. குதித்தே பழகிப்போன இந்த வயதுக்காரருக்கு அது ஒன்றுதான் தேவை. எனக்கு அப்போது வந்த உற்சாகத்தில் எழுந்து குதித்திருப்பேன், நீந்தத் தெரிந்திருந்தால்.

"அண்ணே, நீங்க எப்பவாச்சும் இப்படி மெதந்திருக்கீங்களா?"

"போட்டு கவுந்தப்ப டீசல் கேனைக் கட்டிப்புடிச்சுக்கிட்டுக் கெடந்திருக்கேன். சும்மா படுத்துக் கெடக்குறதுக்கு யாரும் கடலுக்குப் போறதில்ல."

"அப்ப இன்னைக்குப் படுங்க."

எங்கேயும் போகாமல்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். விருந்தாளிகள் சாப்பிட்டுவிட்டு உறங்கப் போய்விட்டார்கள். குளத்தில் அண்ணன். கரையில் நான், கையில் போன். மிதப்பது எப்படி என்று ஒரு வெள்ளைக்காரி சொல்லிக்கொடுக்கும் வீடியோவைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னேன்.

"தலையப் பின்னாடி சாச்சுக்கங்கண்ணே. வயித்த மேல தூக்குங்க. கைய விரிங்க."

சாய்ந்தார், தூக்கினார், விரித்தார். அடுத்த நிமிடம் எதிர்க்கரையில் இருந்தார். கால் தானாகவே உதைத்திருக்கிறது. திரும்பப் படுத்தார். இந்தக் கரைக்கு வந்தார். மறுபடி படுத்தார், மறுபடி போனார்.

"அண்ணே, எங்கயும் போகக் கூடாது."

"போகாம எப்புடி டீச்சர் தண்ணியில இருக்குறது?"

நான் சிரித்ததில் போன் நழுவித் தண்ணீருக்குள் விழப் பார்த்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் காரியம் நடந்தது என்று நினைக்கிறேன். உடம்பு தளர்ந்து, அப்படியே சாய்ந்து, நின்றுவிட்டார். கால் அசையவில்லை. கை அசையவில்லை. வேப்பிலை ஒன்று அவர் நெஞ்சில் விழுந்து அங்கேயே இருந்தது.

கொஞ்சம் கழித்துத் தலையைத் தூக்கினார். "எம்மூச்சு எனக்கே கேக்குது டீச்சர்" என்றார். முகம் புதிதாக இருந்தது. நான் ஒன்றும் சொல்வதற்குள் மறுபடி படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வள்ளியப்பனுக்குக் காட்ட வீடியோ எடுக்கலாம் என்று போனைத் தூக்கினேன். பின்னால் ஏதோ தரையில் விழுந்து உருண்டது.

தூக்குவாளி. குழம்பு கல்தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

ராசாத்தி மதினி வருகிறார் என்று எனக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. படகு முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டாராம். அண்ணனிடம் பதில் கேட்டுப்போக மதினி பேருந்து ஏறியிருக்கிறார். தடை இல்லாத நாட்டுப்படகில் வந்த மீனை வாங்கிக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு, அறந்தாங்கியில் மாறி, பின்வாசல் வழியாக நேரே குளத்துக்கு வந்திருக்கிறார். வந்தவர் கண்ணில் பட்டது, தண்ணீரில் மல்லாந்து அசையாமல் கிடக்கும் வேலாயுதம்.

அவர் கத்தவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. கட்டிய சேலையோடு, காலில் செருப்போடு, படியில் இறங்கி நடந்தார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. நடந்துகொண்டேயிருந்தார். அவருக்கு நீந்தத் தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

போய் முடியைப் பிடித்தார்.

"எந்திரிங்க" என்றார். சாதாரணமாகத் தூக்கத்திலிருந்து எழுப்புகிற குரல். "எந்திரிங்க, வாங்க. வீட்டுக்குப் போவோம்."

அண்ணன் பதறித் தண்ணீர் குடித்து எழுந்து நின்றார். "இந்தா, விடு. பாடம் படிச்சுக்கிட்டு இருக்கேன்."

மதினி விடவில்லை. முடியைப் பிடித்தபடியே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்புடித்தான் கெடப்பீங்கன்னு எத்தன நாளு நெனச்சிருக்கேன் தெரியுமா?"

நான் அதுவரை சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போது அழுதேன். பிறகு மதினி குனிந்து தன் நெஞ்சளவு தண்ணீரையும், அடியில் தெரிந்த தன் செருப்பையும் பார்த்தார். "இம்புட்டுத் தண்ணியிலயா?" என்று கேட்டுவிட்டு அவரே முதலில் சிரிக்கத் தொடங்கினார். அண்ணன் சிரித்தார். நான் அழுகையும் சிரிப்புமாக மூக்கைச் சிந்தினேன்.

தட்டிக் கேட்பது

மதினி படியில் உட்கார்ந்து சேலையைப் பிழிந்துகொண்டார். கால் தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

"இன்னொரு தடவ படுங்க. நான் பாத்துப் பழகிக்கணும்" என்றார்.

அண்ணன் படுத்தார். மதினிக்குப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது, காது தண்ணீருக்குள். சட்டென்று குனிந்து உள்ளங்கையால் தண்ணீர்மேல் இரண்டு தட்டுத் தட்டினார். அண்ணனுக்கு அது கேட்டிருக்கிறது. கண்ணைத் திறக்காமல் ஒரு கையைத் தூக்கிக் காட்டினார்.

கொஞ்சம் விட்டு மறுபடி தட்டினார். மறுபடி கை எழுந்தது.

தூக்குவாளிச் சத்தம் கேட்டு வந்த வள்ளியப்பன் என் பக்கத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா பண்றீங்க?" என்றார்.

"இருக்காரான்னு கேக்குறேன் தம்பி. இருக்கேங்குறாரு."

வள்ளியப்பன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சொல்ல வேண்டியது எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் தோன்றியது. ஆனாலும் பாடத்திட்டம் எழுதுகிறவள் நான் என்பதால் நான்தான் முந்திக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே அது ஓட்டலில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. குளத்துக்கு வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது: நீங்கள் மிதக்கும்போது இவர் தண்ணீரைத் தட்டுவார், கையைத் தூக்குங்கள். தூக்கினால் உங்கள் பக்கமே வரமாட்டார். தூக்காவிட்டால் மட்டும் குதிப்பார். இப்போது என் நீச்சல் வகுப்பு எல்லாவற்றிலும் இது உண்டு. முதல் நாளே எல்லோரையும் மல்லாந்து படுக்கவைத்துவிடுகிறேன்.

கோயம்புத்தூர்க்காரர் ஊருக்குக் கிளம்பும் நாளைத் தள்ளிப்போட்டுவிட்டார். தட்டினால் கையைத் தூக்குவதில் அவருக்கு அப்படி ஒரு குஷி. தட்டாதபோதும் தூக்கினார். தன்னைக் காப்பாற்றியவரைப் பற்றி ஊரில் போய்ச் சொல்ல வேண்டாமா என்று அண்ணனோடு சேர்ந்து படமும் எடுத்துக்கொண்டார்.

தடைக்காலம் முடிந்தது. விடிவதற்கு முன்பே ஜெகதாப்பட்டினத்துப் படகுகள் எல்லாம் கடலுக்குள் போய்விட்டன. மதினி அன்றும் கடற்கரைக்கு வந்து நின்று பார்த்தாராம், கடைசிப் படகு மறையும்வரை. பிறகு வீட்டுக்குப் போய்க் குளித்து, சோறாக்கி, தூக்குவாளியோடு அரிமளத்துக்குப் பேருந்து ஏறியிருக்கிறார்.

அவர் வந்து சேர்ந்தபோது நானும் அங்கே இருந்தேன். குளத்தில் நல்ல கூட்டம். கோயம்புத்தூர்க்காரரோடு இன்னும் சிலரும் ஆளுக்கொரு பக்கமாக மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார்கள். உயரமான நாற்காலியில் வேலாயுதம் அண்ணன், தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மதினி அவரைக் கூப்பிடவில்லை. வேலை நேரம். தூக்குவாளியைக் கீழே வைத்தார், குனிந்தார், தண்ணீரில் இரண்டு தட்டுத் தட்டினார்.

மிதந்துகொண்டிருந்த அத்தனை பேரும் கண்ணைத் திறக்காமலே ஆளுக்கொரு கையைத் தூக்கினார்கள். நாற்காலியில், காய்ந்த பனியனோடு உட்கார்ந்திருந்த அண்ணனும் தூக்கினார்.